வார்ப்பு ஹீட்டருக்குள் எலிமென்ட் எங்கே உட்கார வேண்டும்?

இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினில் பிளாஸ்டிக்கை உருக்கும் தடித்த எஃகு உருளைக்குப் பேரல் என்று பெயர். அதைச் சூடாக்கப் பல ரக ஹீட்டர்கள் உண்டு. மைக்கா பேண்டும் செராமிக் பேண்டும் பட்டை போலப் பேரலைச் சுற்றிக்கொள்பவை. வார்ப்பு ஹீட்டர் வேறு மாதிரி. வளைத்த குழாய் எலிமென்ட்டை ஓர் அச்சுக்குள் நிறுத்தி, சுற்றிலும் உருக்கிய அலுமினியத்தையோ வெண்கலத்தையோ ஊற்றுவார்கள். உறைந்ததும் உட்புறத்தைப் பேரலின் விட்டத்துக்குக் கடைந்தெடுப்பார்கள். இப்படிச் செய்த கனமான இரண்டு அரை வளையங்களைப் பேரலின் மேல் எதிரெதிராக வைத்து போல்ட் போட்டு இறுக்கினால் ஒரு ஹீட்டர்.

உலோகம் உறைந்துவிட்டால் எலிமென்ட்டைத் தொடக்கூட முடியாது. உள்ளே கம்பி அறுந்தால் அந்தப் பாதி முழுவதும் பழைய இரும்புக் கடைக்குத்தான். ஆகவே எலிமென்ட்டின் இடம் பற்றிய எல்லா முடிவுகளையும் ஊற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அந்த முடிவுகள் என்னென்ன, எது முக்கியம், எதற்கு வீணாகக் கவலைப்படுகிறார்கள் என்று பார்ப்போம்.

எலிமென்ட்டின் உள்ளே

நடுவில் சுருள் சுருளாக நைக்ரோம் கம்பி. பெரும்பாலும் 80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம். அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு பொடி. மின்சாரத்தைத் தடுக்கும், வெப்பத்தை ஓரளவு நன்றாகவே கடத்தும். அதற்கு வெளியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். அதிக வெப்பத்துக்கு இன்கோலாய் என்னும் நிக்கல் கலவைக் குழாய். இரண்டு முனைகளிலும் சுருளோடு பற்றவைத்த தடித்த டெர்மினல் பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின் இருக்கும் நீளத்தில் சூடு பிறக்காது. சுருள் இருக்கும் நீளத்தில் மட்டுமே பிறக்கும். எலிமென்ட்டின் மொத்த நீளம் வேறு, சூடாகும் நீளம் வேறு என்பதை இங்கேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டெர்மினல் பக்கம் வரும் தொல்லைகளில் பாதி இந்த வித்தியாசத்தை மறந்ததால் வருபவை.

8 மி.மீ. விட்டக் குழாயை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 6.5 மி.மீ.யிலிருந்து 12 மி.மீ.க்கு மேல் வரையிலும் குழாய்கள் உண்டு.

முதலில் கணக்கு

பேரலின் வெளிவிட்டம் 120 மி.மீ., ஹீட்டரின் அகலம் 200 மி.மீ. என்றால், பேரலைத் தொடும் உட்பரப்பு 3.14 × 12 × 20, அதாவது சுமார் 754 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 4 வாட் என்று வைத்தால் மொத்தம் 3000 வாட்; பாதிக்கு 1500 வாட். 230 வோல்ட்டில் அது 6.5 ஆம்பியர், மின்தடை 35 ஓம். அலுமினிய வார்ப்புக்கு 4 வாட் நடுத்தரமான சுமை. 5 வாட்டைத் தாண்டும்போது தொடுபரப்பு, கட்டுப்பாட்டுக் கருவி எல்லாமே நன்றாக இருந்தாக வேண்டும்.

இனி அந்த 1500 வாட்டை எவ்வளவு நீளக் குழாயில் பரப்புவது? வார்ப்பின் தடிமன் 25 மி.மீ. எலிமென்ட்டின் மையம் உட்பரப்பிலிருந்து 10 மி.மீ. ஆழத்தில், அதாவது 70 மி.மீ. ஆரத்தில் இருக்கட்டும். அந்த ஆரத்தில் அரைவட்டத்தின் நீளம் 220 மி.மீ. இரு பக்கமும் பாதிகள் சேரும் விளிம்புக்கு 15 மி.மீ. விட்டால் 190 மி.மீ. மிஞ்சும். அதில் பேரலின் நீளவாக்கில் ஆறு கால்கள், அதாவது குழாயின் நேர் பகுதிகள், போட்டால், காலுக்குக் கால் 38 மி.மீ. இடைவெளி, இதைப் பிட்ச் என்பார்கள். நேர் கால் ஒவ்வொன்றும் சுமார் 130 மி.மீ.; ஐந்து யு வளைவுகள் ஒவ்வொன்றும் சுமார் 60 மி.மீ. ஆக மொத்தம் 1080 மி.மீ. சூடாகும் நீளம். அதன் வெளிப்பரப்பு ஏறக்குறைய 270 சதுர செ.மீ. 1500ஐ அதால் வகுத்தால், குழாயின் பரப்பில் சதுர செ.மீ.க்கு 5.5 வாட். வார்ப்பு அலுமினியம் இறுக்கமாகப் பற்றியிருக்கும் குழாய்க்கு இது வசதியான அளவு.

கால்களின் எண்ணிக்கை ஏன் இரட்டைப்படை? இரண்டு டெர்மினல்களும் ஒரே முனைக்கு வர வேண்டும் என்பதால். ஏழு கால் போட்டால் ஒரு டெர்மினல் இந்த ஓரத்தில், இன்னொன்று அந்த ஓரத்தில் நிற்கும். வயர் போடுபவர் திட்டுவார்.

கால்களை நீளவாக்கில் ஓடவிடுவதற்குப் பதில் சுற்றுவாக்கில் ஓடவிடுவதும் வழக்கம். குறுகிய ஹீட்டருக்குச் சுற்றுவாக்கு பொருந்தும். அகலமானதற்கு நீளவாக்கு சுலபம். நீளவாக்கில் என்றால் தட்டையாக வளைத்து முடித்தபின் மொத்தமாக உருட்டி அரைவட்டமாக்கிவிடலாம்.

ஆழத்தைப் பற்றிய வீண் கவலை

புதிதாகப் படிக்க வருகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "எலிமென்ட் பேரலுக்கு எவ்வளவு கிட்டே இருக்க வேண்டும்?" என்பது. இரண்டு மி.மீ. தள்ளிப் போனால் சூடு குறைந்துவிடும் என்ற பயம். கணக்குப் போட்டால் பயம் போய்விடும். எல்எம்6 என்னும் சிலிக்கான் கலந்த அலுமினியத்தின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 140 வாட். சதுர செ.மீ.க்கு 4 வாட் பாயும்போது 1 மி.மீ. அலுமினியத்தைக் கடக்க ஆகும் வெப்பநிலை இறக்கம் வெறும் 0.3 டிகிரி செல்சியஸ். எலிமென்ட் 3 மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலும் ஒரு டிகிரிக்குள்தான் வித்தியாசம்.

பிட்ச்சும் அப்படித்தான். 38 மி.மீ. பிட்ச், 10 மி.மீ. ஆழம் என்றால், காலுக்கு நேர் மேலேயும் இரண்டு கால்களுக்கு நடுவேயும் உட்பரப்பில் தெரியும் ஏற்ற இறக்கம் ஓரிரு டிகிரிதான். பேரலின் தடித்த எஃகு அதையும் மழுங்கடித்துவிடும். வெண்கலம் இவ்வளவு நல்ல கடத்தி அல்ல. அலுமினியத்தின் பாதியோ அதற்கும் கீழேயோதான் கடத்தும். அங்கே அதே பிட்ச்சில் ஏற்ற இறக்கம் இரட்டிப்பாகும். அதனால் வெண்கலத்தில் கால்களை நெருக்கிப் போடுகிறார்கள்.

அப்படியானால் ஆழத்தை ஏன் அத்தனை கவனமாகக் குறிக்கிறோம்? வெப்பத்துக்காக அல்ல, லேத்துக்காக. உட்புறத்தைக் கடையும்போது 2 முதல் 3 மி.மீ. உலோகம் சீவப்படும். எலிமென்ட் எதிர்பார்த்ததைவிட உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தால் வெட்டுளி குழாயைத் தொட்டுவிடும். கடைந்து முடித்தபின் குழாய்க்கும் உட்பரப்புக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. உலோகம் மிஞ்ச வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மையம் 10 மி.மீ. ஆழத்தில், குழாயின் ஆரம் 4 மி.மீ.; ஆக மேலே 6 மி.மீ. இருக்கும். எலிமென்ட் எங்காவது 1 மி.மீ. விலகினாலும் பிழைத்துக்கொள்ளும். 3 மி.மீ. விலகினால் வெப்பத்தில் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆனால் மேலே வெறும் 3 மி.மீ. உலோகம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த மெல்லிய இடம்தான் முதலில் வெடிப்பு விடும்.

சூடு பிறக்காத இடம்

உண்மையான விளையாட்டு இங்கே. எலிமென்ட் இல்லாத பகுதிக்குப் பக்கத்திலிருந்துதான் வெப்பம் நடந்து வர வேண்டும். பேரல் எல்லா இடத்திலும் ஒரே அளவு வெப்பத்தை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், கடைசிக் காலிலிருந்து விளிம்புவரை உள்ள வெற்றுத் தூரம் இரட்டித்தால் விளிம்பின் வெப்பநிலை இறக்கம் நான்கு மடங்காகும். 25 மி.மீ. தடிமனான அலுமினியத்தில், 4 வாட் சுமைக்கு, 15 மி.மீ. வெற்றுத் தூரத்துக்கு இறக்கம் 1.3 டிகிரி. 30 மி.மீ.க்கு 5 டிகிரி. 60 மி.மீ.க்கு 20 டிகிரி. வெண்கலமானால் 40ஐத் தாண்டும்.

இது ஹீட்டர் முழு வாட்டில் ஓடும் நேரத்துக் கணக்கு. வெப்பநிலை நிலைபெற்றபின் ஹீட்டர் விட்டு விட்டுத்தான் எரியும் என்பதால் இறக்கமும் அதே விகிதத்தில் குறையும். இருந்தாலும் காலையில் மெஷினை ஏற்றும்போதும், பெரிய ஷாட் அடிக்கும்போதும் (ஒரே தடவையில் நிறைய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் தள்ளும்போதும்) இந்த இறக்கம் அப்படியே தெரியும்.

ஆக, வரைபடத்தைப் பார்க்கும்போது கால்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்க்காதீர்கள். எலிமென்ட்டே இல்லாத திட்டுகளைத் தேடுங்கள். அவை வழக்கமாக நாலு இடத்தில் ஒளிந்திருக்கும்: இரண்டு பாதிகள் சேரும் விளிம்பு, அகலத்தின் இரு ஓரங்கள், வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளுக்கான துளையைச் சுற்றி, டெர்மினலுக்கு அடியில்.

சேரும் விளிம்பில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஒரு பாதியில் 15 மி.மீ. விட்டால் எதிர்ப் பாதியிலும் 15 மி.மீ. இருக்கும்; நடுவே ஒன்றிரண்டு மி.மீ. காற்று இடைவெளி வேறு. போல்ட்டுக்கான காதுகளும் அங்கேதான் இருக்கின்றன. அவை வெப்பத்தை வெளியே வீசும் துடுப்பு போல வேலை செய்யும். கடைசிக் காலை விளிம்புக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோவதே நல்லது. ஆனால் குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவே 8 மி.மீ. உலோகமாவது இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் உருகிய உலோகம் அந்தச் சந்தில் சரியாக நிறையாது.

அகல ஓரங்களில் வேறொரு சிக்கல். யு வளைவின் முதுகு ஓரத்தைத் தொட்டாலும், ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே முக்கோண வடிவில் ஒரு காலித் திட்டு விழும். பிட்ச் பெரிதானால் திட்டும் பெரிதாகும். பிட்ச்சைக் குறைப்பதன் உண்மையான லாபம் இதுதான். நடுப்பரப்பின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது இரண்டாம்பட்சம். எல்லாக் கால்களையும் சம இடைவெளியில் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சேரும் விளிம்புக்கு அருகே 30 மி.மீ., நடுவில் 45 மி.மீ. என்று போட்டால், அதே ஆறு கால்களோடு விளிம்பு நன்றாகச் சூடாகும். இன்னொரு வழி, குழாய்க்குள்ளேயே சுருளை ஓரங்களில் நெருக்கியும் நடுவில் தளர்த்தியும் சுற்றுவது.

பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டும் ஹாப்பர் பக்கத்து ஹீட்டருக்கு இது இன்னும் தேவை. அங்கே ஒரு புறம் தண்ணீரால் குளிரும் ஃபீட் பகுதி இருக்கிறது. உள்ளே குளிர்ந்த மணிகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. இரண்டு ஓரங்களும் ஒன்றுபோல வெப்பம் இழப்பதில்லை.

டெர்மினல் பக்கம்

டெர்மினல் பின் வார்ப்புக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்பதைக் குறிக்காமல் எலிமென்ட் ஆர்டர் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் அடி விழும் விஷயம் இது.

பின் குட்டையாக இருந்தால் சூடாகும் சுருள் வார்ப்புக்கு வெளியே வந்துவிடும். அங்கே உலோகம் இல்லை, காற்றுதான். அதே 5.5 வாட்டைக் காற்றால் இழுத்துச் செல்ல முடியாது. அந்த இடம் செக்கச் சிவந்து சில வாரங்களில் அறுந்துவிடும். பின் நீளமாக இருந்தால் எதிர்மாறு: வார்ப்புக்குள்ளேயே 50, 60 மி.மீ.க்குச் சூடில்லாத குழாய். தூரம் இரட்டித்தால் இறக்கம் நான்கு மடங்கு என்று மேலே சொன்ன கணக்கு உடனே பிடித்துக்கொள்ளும். சுருளும் பின்னும் சேரும் இடம் உலோகத்துக்குள் 10 முதல் 20 மி.மீ. புதைந்திருப்பது நல்ல அளவு. எலிமென்ட்டை வளைப்பதற்கு முன்பே அந்தச் சேரும் இடத்தைக் குழாயின் மேல் கோடு போட்டுக் குறித்துவிட்டால், அச்சில் வைக்கும்போது கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

வளைவுகள்

குழாயை வளைத்தால் வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும், உள்ளிருக்கும் பொடி விரிசல் விட்டுத் தளரும். தளர்ந்த பொடி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. சுருளும் ஒரு பக்கமாக நகர்ந்து குழாயின் சுவரை நெருங்கலாம். உட்புற ஆரம் குழாய் விட்டத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் இருப்பது பொதுவான வரம்பு, 8 மி.மீ. குழாய்க்கு 12 மி.மீ. வளைப்பதற்கு முன் குழாயைச் சூடாக்கி மெதுவாக ஆறவைத்து இளக்க வேண்டும். ஆரம் அதைவிடச் சிறிதாகத்தான் வேண்டும் என்றால், வளைத்தபின் அதே வடிவ டையில் வைத்து வளைவை மறுபடி அழுத்தி, பொடியை இறுக்க வேண்டும். சுருளும் பின்னும் சேரும் இடத்தில் மட்டும் வளைவு வரவே கூடாது.

அச்சுக்குள் நிறுத்துவது

தாளில் வரைந்த இடமும் உறைந்த உலோகத்துக்குள் எலிமென்ட் உட்கார்ந்திருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டுமே! உலோகம் ஊற்றப்படும் அந்தச் சில விநாடிகளில் எலிமென்ட் மேல் மூன்று விசைகள் வேலை செய்கின்றன.

ஒன்று எடை. பொடி, கம்பி, குழாய் எல்லாம் சேர்த்து எலிமென்ட்டின் சராசரி அடர்த்தி கன செ.மீ.க்கு 5 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. உருகிய அலுமினியம் 2.4 கிராம்தான். ஆகவே அலுமினியத்தில் எலிமென்ட் கீழே தொங்கப் பார்க்கும். உருகிய வெண்கலமோ 7.5 கிராமுக்கு மேல். அதில் அதே எலிமென்ட் தக்கை மாதிரி மிதந்து எழும்பும். அலுமினியத்துக்குச் செய்த தாங்கிகளை அப்படியே வெண்கலத்துக்குப் போட்டுவிட்டு, எலிமென்ட் ஏன் மேலே ஏறிவிட்டது என்று தலையைச் சொறிவதற்குக் காரணம் இதுதான். வெண்கலத்தில் மேலிருந்தும் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, பாயும் உலோகத்தின் தள்ளல். அச்சுக்குள் உலோகம் வரும் வாய்க்கால் நேராக ஒரு காலின் மேல் திறந்தால் அந்தக் கால் வளைந்துவிடும். உலோகம் கீழிருந்து அமைதியாக ஏறிவரும்படி வாய்க்கால் அமைப்பது நல்லது.

மூன்றாவது விரிவு. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் குழாய் 500 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 8.5 மி.மீ. நீளும். 150 மி.மீ. நீளமுள்ள ஒரு கால் மட்டுமே ஒரு மி.மீ.க்கு மேல் நீளும். இரு முனையையும் அசையாமல் பூட்டிவிட்டால் அந்த நீளம் வேறு வழியின்றி நடுவில் வில்லாகப் புடைக்கும். உட்புறம் நோக்கிப் புடைத்தால் லேத்தில் மாட்டும். டெர்மினல் முனையை மட்டும் இறுக்கிப் பிடித்து, எதிர்முனை வளைவுகளை மேலும் கீழும் நகராமலும் நீளவாக்கில் வழுக்கும்படியும் தாங்குவதே சரியான முறை.

பிட்ச் கலையாமல் இருக்க, கால்களைக் குறுக்கே ஒரு மெல்லிய ஸ்டெயின்லெஸ் பட்டையால் இணைப்பார்கள், அல்லது ஸ்டெயின்லெஸ் கம்பியால் கட்டுவார்கள். பட்டை பேரலுக்கு எதிர்ப்புறம், எலிமென்ட்டின் முதுகில் இருக்கட்டும். ஆழத்தை நிறுத்துவதற்கு உட்புறம் வைக்கும் சிறு முட்டுகளை ஃபவுண்டரியில் சாப்லெட் என்பார்கள். கடைந்தபின் உட்பரப்பில் எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் எஃகுச் சாப்லெட் வேண்டாம். அதே கலவை அலுமினியத்தில் செய்த துண்டு நல்லது, உலோகத்தோடு கலந்துவிடும். ஒரு காலுக்கு இரண்டு தாங்கிகள் போதும். தாங்கி அதிகமானால் உலோகம் நிறையாத சந்துகளும் அதிகமாகும்.

கால்களை நெருக்குவதற்கும் இதனாலேயே ஓர் எல்லை உண்டு. இரண்டு குழாய்களுக்கு நடுவே உள்ள சந்து ஒரு குழாய் விட்டத்துக்குக் கீழே போனால், அங்கே உலோகம் முதலில் உறைந்து, சுருங்கும்போது நிரப்ப ஆளில்லாமல் உள்ளே ஒரு வெற்றுக்குழி விழும்.

ஊற்றும் நேரம்

வெற்றுக்குழிதான் வார்ப்பு ஹீட்டரின் பரம எதிரி. குழாயைச் சுற்றி 0.2 மி.மீ. காற்று அடைபட்டால் போதும், 5.5 வாட் பரப்புச் சுமையில் அந்த இடத்தில் குழாய், அக்கம்பக்கத்தைவிட நூறு டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். உள்ளே இருக்கும் கம்பி அதற்கும் மேலே. ஆழத்தில் 3 மி.மீ. பிசகினால் ஒரு டிகிரி, பற்றுதலில் 0.2 மி.மீ. பிசகினால் நூறு டிகிரி. எதற்கு மெனக்கெட வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே குழாயில் எண்ணெய், கைரேகை, பழைய ஆக்சைடு எதுவும் இருக்கக்கூடாது. எண்ணெய் நீக்கி, மணலடித்துச் சற்றுச் சொரசொரப்பாக்கி, அதன்பின் வெறுங்கையால் தொடாமல் வைக்க வேண்டும். டெர்மினல் முனைகளை அடைத்துவிட வேண்டும், ஏனென்றால் மெக்னீசியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அச்சையும் எலிமென்ட்டையும் 250 முதல் 300 டிகிரிக்குச் சூடேற்றியபின் ஊற்ற வேண்டும். சூடேற்றாத குழாயில் படும் உலோகம் அந்த நொடியே தோலாக உறைந்து, குழாயை ஒட்டாமல் விலகி நிற்கும். ஈரம் இருந்தாலோ நிலைமை ஆபத்து: நீராவி வெடித்து உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். முகக்கவசமும் தோல் கையுறையும் இல்லாமல் இந்த வேலைக்கு அருகில் வரக்கூடாது.

எல்எம்6 சுமார் 575 டிகிரியில் உறையத் தொடங்கும். ஊற்றுவது 700 டிகிரியை ஒட்டி. அதற்கு மேல் சூடேற்றினால் உலோகம் வாயுவை உறிஞ்சி நுண்துளைகள் விடும். உருகிய அலுமினியம் குழாயின் இரும்பையும் அரிக்கத் தொடங்கும். மேலே தடித்த ரைசர் (சுருங்கும் உலோகத்தை ஈடுகட்டும் கூடுதல் உலோகத் தேக்கம்) வைத்து, கீழிருந்து மேலாக உறைய விடவேண்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் இயற்கை ஒரு கைகொடுக்கும். ஆறும்போது அலுமினியம் ஸ்டெயின்லெஸ்ஸைவிட அதிகமாகச் சுருங்கும், 8 மி.மீ. குழாயில் வித்தியாசம் சுமார் 0.02 மி.மீ. அதாவது வார்ப்பு குழாயை நெரித்துப் பிடித்துக்கொள்கிறது. ஹீட்டர் வேலை செய்யும் வெப்பநிலை உறைந்த வெப்பநிலையைவிட எப்போதும் கீழேதான் என்பதால் அந்தப் பிடி முழுவதும் விடுவதில்லை.

உலோகத் தேர்வையும் இதோடு சொல்லிவிடலாம். அலுமினிய வார்ப்பை ஏறத்தாழ 370 டிகிரிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஏபிஎஸ், நைலான், பாலிகார்பனேட் எல்லாம் அதற்குள் அடங்கும். பீக் போன்ற பிளாஸ்டிக்குக்குப் பேரலே 360 முதல் 400 டிகிரி, அங்கே வெண்கலம்தான்.

சோதனை

கடைவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். எலிமென்ட் எங்கே விலகியிருக்கிறது, எங்கே குழி இருக்கிறது என்று தெரியும்; விலகலுக்கு ஏற்ப லேத்தில் வார்ப்பை நகர்த்திப் பிடிக்கலாம். எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் கடைந்தபின் மின்சாரம் கொடுத்து வெப்பக் கேமராவில் பாருங்கள். முதல் ஓரிரு நிமிடங்களுக்குள் பார்க்க வேண்டும். பிறகு அலுமினியம் எல்லாவற்றையும் சமமாக்கி உண்மையை மறைத்துவிடும். கால்கள் வரி வரியாகத் தெரியும். ஒரு கால் மட்டும் மங்கலாக இருந்தால் அது ஆழமாகப் போயிருக்கிறது, அல்லது அதைச் சுற்றிக் காற்று இருக்கிறது.

மின் சோதனையில் மூன்று. மின்தடை எதிர்பார்த்த 35 ஓமுக்கு அருகில் இருக்கிறதா? மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் குழாய்க்கும் கம்பிக்கும் நடுவே பல மெகாஓம் காட்டுகிறதா? 1500 வோல்ட் தாங்குகிறதா? மெக்கர் குறைவாகக் காட்டினால் உடனே தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலும் ஈரம்தான், அடுப்பில் சில மணி நேரம் காயவைத்து மறுபடி பாருங்கள். காய்ந்தபின்னும் ஏறவில்லை என்றால்தான் வளைவில் சுருள் நகர்ந்துவிட்டதா என்று சந்தேகப்பட வேண்டும்.

பேரலில் மாட்டிய பிறகு

உள்ளே எலிமென்ட்டைத் துல்லியமாக வைத்துவிட்டு, வெளியே பேரலோடு பொருந்தாமல் மாட்டினால் செய்ததெல்லாம் வீண். பேரலுக்கும் ஹீட்டருக்கும் நடுவே 0.1 மி.மீ. காற்று இருந்தால் 4 வாட் பாயும்போது அதைக் கடக்கவே 80, 90 டிகிரி செலவாகும். இதில் ஒரு கஷ்டம், அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும். 120 மி.மீ. விட்டத்தில், 200 டிகிரி ஏறினால் வார்ப்பின் உள்விட்டம் பேரலைவிட 0.24 மி.மீ. அதிகமாக விரிந்துவிடும். குளிர்ந்தபோது இறுக்கிய போல்ட் சூட்டில் தளர்ந்துவிடும். போல்ட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் அடுக்குவது அதற்காகத்தான். புதிய ஹீட்டரை முதல் முறை 150 டிகிரி வரை ஏற்றி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை இறுக்கி, வேலை வெப்பநிலைக்கு வந்தபின் மறுபடி அதேபோல் இறுக்குங்கள்.

ஹீட்டர் எரிந்துபோனால் அறுந்த இடத்தைப் பாருங்கள். அது நிறையச் சொல்லும். டெர்மினலை ஒட்டி என்றால் பின் குட்டை, அல்லது பேரலின் முனையிலுள்ள நாசிலிலிருந்து வழிந்த பிளாஸ்டிக் உள்ளே புகுந்திருக்கிறது. வளைவில் என்றால் பொடி தளர்ந்திருக்கிறது. நேர் காலின் நடுவில் என்றால் சுற்றி வெற்றுக்குழி. ரம்பத்தால் அந்த இடத்தில் குறுக்கே அறுத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அடுத்தடுத்த ஹீட்டர்களில் ஒரே இடத்தில் அறுந்தால் எலிமென்ட் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தாங்கியையும் வாய்க்காலையும் மாற்றுங்கள். ஹீட்டர் முழுவதும் உருகித் தொங்கினால் அது எலிமென்ட்டின் கதையே இல்லை, தெர்மோகப்பிள் அதன் துளையிலிருந்து கழன்று விழுந்திருக்கும்.

தெர்மோகப்பிள் துளையை வார்ப்பிலேயே திட்டமிட்டு விடவேண்டும். 38 மி.மீ. பிட்ச்சில் இரு குழாய்களுக்கு நடுவே 30 மி.மீ. கிடைக்கிறது, 12 மி.மீ. துளை போட்டால் இரு பக்கமும் 9 மி.மீ. மிஞ்சும். எலிமென்ட் 2 மி.மீ. விலகியிருந்தாலும் 7 மி.மீ. இருக்கும், போதும். குளிரூட்டும் குழாயும் சேர்த்து வார்ப்பதானால் அதை எலிமென்ட்டுக்கு வெளியே, அல்லது கால்களுக்கு நடுவே வையுங்கள். எலிமென்ட்டுக்கும் பேரலுக்கும் நடுவே வைத்தால் வெப்பம் போகும் பாதையை அதுவே மறித்துவிடும்.

மெஷினில் மாட்டிய பிறகு இன்னொரு துளை தேவைப்பட்டு, கையில் டிரில்லோடு ஹீட்டரை நெருங்கும் ஒருவர் எப்போதும் வருவார். எலிமென்ட்டின் பாதையை வார்ப்பின் வெளிப்பரப்பிலேயே பஞ்ச் அடித்துக் கோடாகக் குறித்துவிடுவது சில தயாரிப்பாளர்களின் பழக்கம். வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.